வட்டத் துளையில் ஆணி

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். வெளியே மைனஸ் பதினாறு. மின்னடுப்பிலேயே பொங்கினேன். இவர் சோபாவில் இருந்தபடி கழுத்தை நீட்டி, "எந்தப் பக்கத்தால பொங்கி வழிஞ்சது?" என்று கேட்டார்.

"அடுப்புப் பக்கத்தால. பேந்து துடைக்கிறது நான்தானே," என்றேன்.

பால் வழியும் திசையில் வருசத்தின் பலன் இருக்கிறதாம். போன வருசம் கிழக்கால் வடிவாகத்தான் வழிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் நானும் பார்த்தேன்.

இவர் என்றால் என் மனுசன் ஞானச்சந்திரன். ஒன்பது நாளுக்கு முன் வாசற்படியில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலை முறித்துக்கொண்டார். ஆறு கிழமைக்குக் கட்டு. நோர்வேக்கு வந்து முப்பது வருசம், அதில் இருபத்தாறு வருசம் வடக்கே மீன் பக்டரியில் வேலை. போன ஆடியில் இந்த மலை வீட்டை வாங்கி, என்னையும் சாமான்களோடு ஏற்றிக்கொண்டு வந்தார். காற்று நல்லதாம், தண்ணீர் நல்லதாம். உண்மையில் மகளின் கலியாணத்துக்குப் பிறகு தமிழ் ஆட்களின் முகத்தில் முழிக்க இவருக்கு விருப்பமில்லை. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. இவர் போன இடத்துக்கு நானும் வந்தேன், அவ்வளவுதான்.

இந்த டயறி கடையில் சும்மா தந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு மீன் படம். இருபத்தாறு வருசம் பார்த்தது காணாதாக்கும்.

ஜனவரி 16, வெள்ளி

மகள் ஆரபி போன் எடுத்தாள். வெள்ளிக்கிழமைகளில் இவர் குளிக்கும் நேரம் பார்த்து எடுப்பாள். இன்றைக்கு இவர் குளிக்கவில்லை, பக்கத்திலேயே இருந்தார்.

"அம்மா, பெப்ரவரி ரெண்டாம் திகதி எண்டு சொல்லியிருக்கினம். எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள் வருவியளோ?"

பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்று வழக்கம்போல மழுப்பியிருக்கலாம். "வருவன் பிள்ளை. இருபத்தஞ்சாம் திகதிக்குள்ள அம்மா அங்க நிப்பன்," என்றேன். சத்தமாகவே சொன்னேன். இவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

முதல் பிள்ளைப்பேறு. தாய் போய்ப் பக்கத்தில் நிற்காவிட்டால் அது என்ன தாய்? பேர்கனுக்கு இங்கிருந்து மூன்றரை மணித்தியாலக் கார் ஓட்டம். எனக்கு லைசன்ஸ் இருக்கிறது. காரும் இருக்கிறது.

மருமகன் மயூரன் அங்கே பஸ் ஓட்டுகிறார். நல்ல பிள்ளை என்று ஆரபி சொல்கிறாள். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்தான். ஆனால் இவர் விசாரித்துப் பார்த்ததில், "எங்கட ஆக்கள் இல்லை." அந்த நாலு சொல்லோடு வீட்டில் எல்லாம் முடிந்தது. "வெள்ளையனைக் கட்டியிருந்தாலும் நாலு பேருக்குச் சொல்லலாம்," என்று இவர் தலையில் அடித்துக்கொண்டது இன்றைக்கும் காதில் கேட்கிறது. (எண்ணிப் பார்த்தால் "எங்கட ஆக்கள் இல்லை" மூன்று சொல். எனக்கு நாலாகத்தான் விழுந்தது.)

பங்குனியில் கலியாணம். இவர் போகவில்லை. நானும் போகவில்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

ஜனவரி 17, சனி

காலையில் இவர் இரண்டு ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டு டிராக்டர் கொட்டகைக்குப் போனார். "எங்க போறியள் உந்தக் காலோட?" என்றேன். "எண்ணெய் பாக்கவேணும்," என்றார். முக்கால் மணித்தியாலம் ஆளைக் காணவில்லை. ஏதோ இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. வரும்போது முழங்கை வரைக்கும் கிறீஸ். சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினார்.

காலை முறித்துக்கொண்டாலும் மனுசனுக்கு வீட்டுப் பொறுப்பு இருக்கிறது என்று நினைத்தேன். மத்தியானம் இரண்டு முட்டை கூடப் பொரித்துக் கொடுத்தேன்.

பின்னேரம், வானிலைச் செய்தியில் சொன்னபடியே, பனி கொட்டத் தொடங்கியது.

ஜனவரி 18, ஞாயிறு

இன்னும் கொட்டுகிறது. என் இடுப்பளவு. கார் மேலே முற்றத்தில், கூரை மட்டும் தெரிய நிற்கிறது. கீழே பெருந்தெரு ஓரமாக விடச் சொல்லி பக்கத்துப் பண்ணைக்கார டோர்கெய்ர் மார்கழியிலேயே சொன்னவர். இவர் கேட்டால்தானே.

வீட்டிலிருந்து பெருந்தெருவுக்கு நானூறு மீற்றர் பாதை. முற்றம் சமதரை. முற்றம் முடிகிற இடத்தில் ஒரு திட்டி, அதைத் தாண்டினால் செங்குத்து இறக்கம். நடுவில் ஒரு வளைவு, அங்கே பாதை ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். கடைசியில் இறக்கம் முடிந்து தெருவோடு சேரும். இங்கே அவரவர் பாதையை அவரவர்தான் துப்புரவாக்க வேண்டும்.

டோர்கெய்ருக்குப் போன் எடுத்தேன். மலைக் கணவாயில் பனிச்சரிவாம், அவருடைய டிராக்டர் இரவு பகலாக அங்கே நிற்கிறதாம். பத்து நாளாவது செல்லும் என்றார்.

"அப்ப பனி எறிய நான் டிராக்டரை எடுக்கிறன்," என்றேன்.

"உனக்கென்ன விசரா? உது சமதரைக்குச் செய்த சாமான். இறக்கத்துக்குச் சரிவராது," என்றார் இவர்.

"மார்கழியில நீங்கள் நாலு தரம் எறிஞ்சியளே?"

"அப்ப பனி இலேசு. இது பாரம். விளங்காத விசயத்தில கை வைக்காத."

எனக்கு விளங்காதாம்! வட்டக்கச்சியில் மாமாவின் உழவுமெசினைப் பெட்டியும் நெல்லுமாக வாய்க்கால் வரம்பில் ஓட்டியவள் நான். அப்போது இவர் மொறட்டுவையில் சைக்கிளில் திரிந்தவர்.

ஜனவரி 19, திங்கள்

எடுத்தேன். சில்லுகளுக்குச் சங்கிலி ஏற்கெனவே போட்டிருந்தது, அது புண்ணியம்.

பனி எறியும் மெசின் டிராக்டரின் பின்னால் பூட்டியிருக்கிறது. ஆளுயரப் பெட்டி, உள்ளே சுழலும் இரும்புத் திருகு, அள்ளிய பனியை மேலே புகைபோக்கி மாதிரி ஒரு குழாயால் தூர எறியும். டிராக்டரின் மூன்று கைகள் அதைப் பிடித்திருக்கின்றன: கீழே இரண்டு, மேலே நடுவில் ஒரு தண்டு. பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கழுத்தைத் திருப்பித் திருப்பி இப்போது என் தலை ஒரு பக்கம் பார்த்தபடி நிற்கிறது.

முற்றம் வெண்ணெய் வெட்டின மாதிரிப் போனது. சந்தோசத்தில் ஒரு பாட்டு வேறு பாடினேன். திட்டியைத் தாண்டினேனோ இல்லையோ, மெசின் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. இறக்கம் கீழே போகிறது, மெசின் முற்றத்தின் மட்டத்திலேயே விறைத்து நிற்கிறது. அடியில் முழங்கால் அளவு பனி அப்படியே மிச்சம். அதன்மேல் சில்லு ஏறி வழுக்கத் தொடங்கியது. ஒருமாதிரி முன்னுக்கு எடுத்து மேலே ஏறிவிட்டேன்.

இவர் ஜன்னலில் நின்று பார்த்தார். உள்ளே வந்ததும், "நான் சொன்னனானெல்லே," என்றார். அந்தக் குரலில் கவலை இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பெட்டியின் இரண்டு பக்கமும் அடியில் இரும்புச் செருப்பு மாதிரி ஒன்று இருக்கிறது. அதை உயர்த்தி இறக்கினால் பெட்டியின் உதடு தரையில் எவ்வளவு பதிய வேண்டும் என்று வைக்கலாம். அதை உயர்த்தினால் பெட்டி பதியும் என்று கணக்குப் போட்டேன். கையுறையோடு போல்ட்டுச் சுரை பிடிபடாது, கையுறையைக் கழற்றினால் இரும்பில் தோல் ஒட்டும். இரண்டு மணித்தியாலம்.

பிறகு ஓட்டினால் முற்றத்தில் சல்லிக்கல்லைக் கிண்டி எறிந்து கொட்டகையின் ஜன்னலை உடைத்தது. திட்டியில் பழையபடி அந்தரம். குற்றம் செருப்பில் இல்லை.

இவருக்குக் கால் குத்துகிறது என்று குளிசை கொடுத்தேன். கட்டுப் போட்ட காலை உயர்த்தி வைக்கத் தலையணை, குடிக்கச் சுடுதண்ணீர், கண்ணாடி, ரிமோட். "நீ போயிட்டா எனக்கு ஆர் இதெல்லாம் எடுத்துத் தாறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜனவரி 21, புதன்

நடந்து இறங்கிப் பார்த்தேன். வளைவு வரைக்கும்கூடப் போகவில்லை, நெஞ்சளவு புதைந்துவிட்டேன். நீந்துவது மாதிரிக் கையை அடித்துத்தான் வெளியே வந்தேன். ஒரு சப்பாத்து உள்ளே போய்விட்டது. சித்திரையில் பனி கரைந்தால் கிடைக்கும்.

ஜனவரி 22, வியாழன்

இன்றைக்கு வேறு வழி. திட்டியில் மிஞ்சிய பனியை மண்வெட்டியால் வெட்டி ஒதுக்கி, அதற்குக் கீழே மெசினை இறக்கினேன். நேர் இறக்கத்தில் ஓரளவு வேலை செய்தது. வளைவில் பாதை சரிவு, பெட்டி ஒரு பக்கம் பாதையில் உராய, மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கு வைத்தியம் நானே கண்டுபிடித்தேன். கீழ்க் கைகளில் வலது கைக்கு மட்டும் ஒரு கைப்பிடி இருக்கிறது. கிணற்றுக் கப்பி மாதிரிச் சுற்றினால் அந்தக் கை ஏறும், இறங்கும். ஐந்து சுற்றுச் சுற்றப் பெட்டி சரிவோடு சரிவாகப் படிந்தது. "கெட்டிக்காரி!" என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

வளைவுக்குக் கீழே பாதை நிமிர்கிற இடத்தில் விளையாட்டு முடிந்தது. டிராக்டர் இன்னும் இறக்கத்தில் நிற்க, பெட்டி போய்ச் சமதரையில் மூக்கைக் குத்தியது. வளைந்து கொடுக்கவில்லை. பெட்டி குத்தி நின்றதில் டிராக்டரின் பின்சில்லுகள் தரையை விட்டுக் கிளம்பின. படார் என்று ஒரு சத்தம். மெசின் உடையக்கூடாது என்று அதில் ஒரு மெலிந்த போல்ட் போட்டிருப்பார்கள். இடிபட்டால் அது முறிந்து மெசினைக் காப்பாற்றும். அது முறிந்தது. வேறு போட்டேன், முறிந்தது. மூன்றாவதும் முறிந்தது. பூட்டியிருந்ததோடு சேர்த்து மொத்தமே நாலு.

தெருவுக்கு எண்பது மீற்றர் இருக்கும். லொறி போவது தெரிகிறது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஒப்பாரி வைத்து அழுதேன். அழுது முடிந்து, மெசினைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, சோறு வடித்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

ஆரபிக்கு இலேசாக இடுப்பு நாரி நோகிறதாம். "வெளிக்கிட்டிட்டியளோ அம்மா?" என்றாள். "பனி, பிள்ளை. ஞாயிறு வந்திடுவன்," என்றேன். "சரி அம்மா," என்றாள். நான் முந்தியும் காரணம் சொன்ன ஆள்தானே. நம்பவில்லை என்று தெரிந்தது.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியக் கறிக்குச் சரக்கு வறுத்தேன். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு. வீடு முழுக்க வாசம். இவர் மூக்கை உறிஞ்சி, "என்ன, ஆருக்குச் சுகமில்லை?" என்றார். அடப் பாவி மனுசா! தெரிந்துகொண்டு கேட்கிற கேள்வியைப் பார். அரைத்த தூளைப் போத்தலில் அடைத்து, என் கைப்பையோடு வாசலில் வைத்தேன். போகவும் வரவும் அது இவருடைய கண்ணில் படட்டும்.

நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. ஜன்னலில் என் முகம்தான் தெரிகிறது.

ஜனவரி 24, சனி

இந்த வீட்டை எங்களுக்கு விற்ற மனுசன் முந்தியே செத்துவிட்டார். அவருடைய தமக்கை குன்வோரின் நம்பர் வீட்டுப் பத்திரத்தின் பின்பக்கம் எழுதியிருந்தது. கொட்டகைக்குள் நின்று எடுத்தேன். என் நொண்டி நொஸ்க் பாசை அவவுக்கு விளங்கியது.

இந்த இறக்கத்தை அதே மெசினால் தன் தம்பி பத்தொன்பது வருசம் துப்புரவாக்கினவன் என்றா. மேல் தண்டு மெசினில் பூட்டுகிற இடத்தைப் பார்க்கச் சொன்னா. பார்த்தேன். இரும்புத் தகட்டில் இரண்டு துளை. ஒன்று வட்டம். மற்றது என் நடுவிரல் நீளத்துக்கு நீட்டாக வெட்டியது. ஆணி வட்டத் துளையில் இருந்தது.

அது பிழை என்றா. வட்டத்தில் போட்டால் மெசின் விறைத்து நிற்கும், அது கோடையில் பூட்டி வைக்கிறதற்கு. நீட்டுத் துளையில் போட்டால் ஆணி முன்னும் பின்னும் ஓடும். திட்டியில் மெசின் தானாகக் கவிழும், அடியில் தானாக நிமிரும். பிறகு சொன்னா: "உன் மனுசனுக்குத் தம்பி இதைக் காட்டிக் கொடுத்தானே. நானும் பக்கத்தில் நின்றேன். உன் மனுசன் தன் கையாலேயே போட்டுப் பார்த்தார்."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

நீட்டுத் துளையின் விளிம்பு பத்தொன்பது வருசம் ஆணி ஓடி ஓடிப் பளபளத்துக் கிடந்தது. வட்டத் துளையைச் சுற்றிப் பச்சைப் பெயிண்ட் அப்படியே இருந்தது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் புதிதாக உரிந்திருந்தது. சுத்தியல் அடி.

மறதியாக மாற்றிப் போட்டிருப்பார். வயது போகிறது. காலில் நோ வேறு.

மறதியாம், மண்ணாங்கட்டியாம். எனக்கே நான் புளுகிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்றைக்குள் பேர்கனில் நிற்பேன் என்று சொன்ன நாள்.

காலைச் சாப்பாடு முடியும்வரை பொறுத்தேன். பிறகு கேட்டேன். "ஏன் அந்த ஆணியை மாத்தினியள்?"

"எந்த ஆணி?"

"ஆரபி போன் எடுத்த அடுத்த நாள், ரெண்டு கட்டையில தொங்கிக்கொண்டு போய்ச் சுத்தியலால அடிச்சு இறுக்கினியளே, அந்த ஆணி."

பாணைப் பிய்த்துப் பிய்த்துக் கோப்பையில் போட்டார்.

"ஓம். நான்தான்," என்றார்.

"நான் உதில சறுக்கிச் செத்திருந்தா?"

"நீ திட்டிக்கு அங்கால போவாய் எண்டு நான் நினைக்கேல்லை. பொம்பிளை, மெசின் தூக்கின உடன பயந்து விட்டிடுவாய் எண்டு நினைச்சன். நீ எடுத்த உடன நான் ஜன்னலை விட்டு அரக்கேல்லை, தெரியுமோ? ஒவ்வொரு நாளும் நிண்டனான். காலும் வீங்கிப் போச்சு."

"நிண்டு பாத்தியளே தவிர, வாயைத் திறந்து சொன்னியளோ?"

குரலை உயர்த்தினார். "அங்க போனா என்ன செய்வாய்? அவையளின்ர வீட்டில கை நனைப்பியோ? அந்தப் பெடியன்ர தாய் சமைச்சதை வாங்கித் திண்டிட்டு வந்து என்ர அடுப்பில சமைப்பியோ?"

"உங்கட அடுப்பை நீங்களே வைச்சிருங்கோ."

"என்னைச் சொல்லாத. கலியாணத்தண்டு காய்ச்சல் எண்டு போர்த்துக்கொண்டு படுத்தது ஆர்? நானோ உன்னைக் கட்டி வைச்சனான்?"

எனக்குக் காய்ச்சல் இருந்தது. முப்பத்தேழு புள்ளி நாலு. அளந்தேன்.

ஜனவரி 26, திங்கள்

இவரோடு கதை இல்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

ஆணி லேசில் வரவில்லை. அடித்து இறுக்கியதில் பிடித்துப்போய் நின்றது. சுடுதண்ணீர் ஊற்றி, எண்ணெய் விட்டு, அடித்து, மறுபடி ஊற்றி, ஒரு மணிக்குத்தான் கழன்றது. நீட்டுத் துளையில் போட்டேன். மேல் தண்டை நாலு சுற்றுச் சுற்றி நீட்டி, ஆணி துளையின் நடுவில் நிற்கும்படி வைத்தேன். செருப்புகளைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். மிச்சமிருந்த ஒரே போல்ட்டைப் போட்டேன்.

சனியும் ஞாயிறும் விழுந்த பனி பழையபடி எல்லாவற்றையும் மூடியிருந்தது. திட்டிக்கு வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரே என்று விட்டேன். பெட்டி திட்டியைத் தாண்டியதும் தலையைக் குனிந்து, இறக்கத்தின் மேல் மெதுவாகப் படிந்தது. அடியில் கறுப்பு மண் தெரிந்தது. ஆறு மாதத்தில் எனக்கு இப்படி ஒரு சந்தோசம் வந்ததில்லை. எவ்வளவு இலேசான வேலை! ஒரு ஆணி, இரண்டு விரற்கடை.

வளைவு வரை போனேன். இருட்டிவிட்டது, முன் லைட்டும் பின்பக்கம் காட்டாது. நாளைக்கு மிச்சம்.

ஜனவரி 27, செவ்வாய்

காலை ஆறே காலுக்கு மயூரன் போன் எடுத்தார். இதுவரை நான் அவரோடு கதைத்ததே இல்லை. "மாமி, பெட்டைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். ஐஞ்சு இருபதுக்குப் பிறந்தது." நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. "ஆர் பக்கத்தில நிண்டது?" என்று மட்டும் கேட்டேன். "அம்மா நிண்டவ," என்றார். அவருடைய அம்மா.

கலியாணத்தன்று காய்ச்சல் இருக்கவில்லை. எழுதிவிடுகிறேன். முப்பத்தேழு புள்ளி நாலு எல்லாருக்கும் வரும். அன்றைக்குச் சேலையைக் கூட எடுத்து மடித்து வைத்திருந்தேன். போனால் நாளைக்கு என் தங்கச்சிமார் என்ன சொல்வார்கள், படம் பேஸ்புக்கில் வந்தால் ஊரில் என்ன கதைப்பார்கள் என்று நினைத்தேன். இவர் போக வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நான் வெப்பமானியைக் கொண்டுபோய்க் காட்டினேன். இவர் "அப்ப படு" என்றார். இரண்டு பேருக்கும் வசதியாகப் போய்விட்டது. என் பிள்ளை மணவறையில் இருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இவருக்குச் சொன்னேன், பேத்தி என்று. கையில் இருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது. என்னால் இரங்க முடியவில்லை.

காற்றும் பனியும். டிராக்டரை எடுக்க முடியவில்லை. நாள் முழுக்க வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தேன்.

ஜனவரி 28, புதன்

பத்து மணிக்கு வானம் வெளித்தது. பன்னிரண்டு மணிக்கு நான் தெருவில் நின்றேன். அடியில் பாதை நிமிர்கிற இடத்தில் பெட்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு அது பாட்டுக்கு நிமிர்ந்தது. போல்ட் முறியவில்லை. பால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக் கை காட்டினான். நானும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

காரைப் பனியிலிருந்து தோண்டி எடுத்தேன். இவருக்கு ஒரு கிழமைச் சோறு கறி பெட்டி பெட்டியாகக் குளிர்பெட்டியில் வைத்தேன். குன்வோர் இரண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து பார்ப்பா, கேட்டுவிட்டேன். குளிசை, தண்ணீர், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அவ்வளவையும் செய்து முடிக்க எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

வாசல்வரை ஊன்றுகோலில் வந்தார்.

"கார்ல பின் சீட்டில காலை நீட்டிக்கொண்டு வரலாம். வாறியளோ?" என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன்.

"எந்த முகத்தோட?" என்றார்.

"எனக்கு மட்டும் வேற முகம் கிடக்கே? இதோடதான் போறன்."

வரவில்லை. திட்டியில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். வளைவு வரைக்கும் கண்ணாடியில் வாசலில் நின்றது தெரிந்தது. உள்ளுக்குப் போங்கோ, குளிர் என்று கத்த வாய் வந்தது. கத்தினாலும் கேட்காது.

ஜனவரி 29, வியாழன். பேர்கன்

நேற்று வந்து சேர இருட்டிவிட்டது. பிள்ளையும் தாயும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆரபி என்னைக் கண்டதும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "பனியோ அம்மா?" என்றாள். "இல்லைப் பிள்ளை. பனி மட்டும் இல்லை," என்றேன். குழந்தையை என் மடியில் வைத்தாள். இரண்டு கிலோ எண்ணூறு. விரல் எல்லாம் தோல்.

என்னுடைய சரக்குப் போத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அடுப்பில் ஏற்கெனவே பத்தியக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. மருமகனின் தாய் லீலாவதி அங்கே நின்றா. என்னைவிட இரண்டு மூன்று வயது இளமை. என்னைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றா. தன் மகனின் வீட்டில், தான் சமைத்துக்கொண்டிருந்த அடுப்பை விட்டு.

"வாங்கோ அக்கா. கனதூரம் ஓடி வந்தனியள், பசிக்கும்," என்றா. பிறகு குரலைத் தணித்தா. "மயூரனைக் கடைக்கு அனுப்பட்டோ? ஏதும் வாங்கிக்கொண்டு வருவான். இல்லாட்டி… நான் சமைச்சது சாப்பிடுவியளோ?"

அதில் குத்தல் இல்லை. நக்கல் இல்லை. நாற்பது வருசமாகக் கேட்டுப் பழகிய கேள்வி. வந்த விருந்தாளிக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று கேட்கிறா. என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்ற மனுசி. எனக்கு உயிர் போகிற மாதிரி வெட்கம் வந்தது.

சாப்பாட்டுக் கோப்பையை நானே எடுத்தேன். சோற்றை நானே போட்டேன். கறிக்கு மட்டும் கோப்பையை அவவிடம் நீட்டினேன். விட்டா. அங்கேயே நின்றபடி சாப்பிட்டேன். மிளகு கொஞ்சம் தூக்கல். "இன்னும் கொஞ்சம் விடுங்கோ," என்றேன். அவ முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டியைத் தேடினா. கரண்டி கையிலேயே இருந்தது.

ஜனவரி 30, வெள்ளி

பின்னேரம் இவர் போன் எடுத்தார். குன்வோர் வந்து போனாவாம். சோறு இருக்கிறதாம். டோர்கெய்ர் கணவாய் வேலை முடிந்து வந்து, ஏதும் வேணுமோ என்று கேட்டாராம். திங்கள் அவர் பேர்கனுக்கு வருகிறாராம். கால் பரவாயில்லையாம். எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட்டு நிறுத்தினார். பின்னால் டிவிச் சத்தம் இல்லை.

"சாப்பிட்டியோ?" என்றார்.

"சாப்பிட்டன். ரெண்டு நாளா இஞ்சதான் சாப்பிடுறன். லீலாவதி சமைக்கிறா."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். மூச்சுக் கேட்டது.

"பிள்ளை ஆரைப் போல?"

சொல்லியிருக்கலாம். நெற்றியும் மூக்கும் அப்படியே இவருடையது. வந்த நேரத்திலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"திங்கள் டோர்கெய்ரோட வந்து பாத்துச் சொல்லுங்கோ," என்றேன். "வந்தா இஞ்சதான் சாப்பாடு."

குழந்தை அழுதது. போனை மேசையில் திறந்தபடியே வைத்துவிட்டுத் தூக்கப் போனேன்.